மேல் வீட்டம்மாவும் எழாத கம்ப்யூட்டரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதிக்கொண்டு போகும்போதே முன்னால் எழுதினது மறந்துவிடுகிறது. நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம், இது அதைவிடக் கூச்சமாக இருக்கிறது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஈஜிபுராவில் நான் குடியிருந்த காம்பவுண்டில் மாடியில் ஒரு அம்மா இருந்தார். பேரை எழுதவில்லை. கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் எல்லாரும் மேல் வீட்டம்மா என்றுதான் சொல்வோம். நாற்பதுக்கு மேல் வயது. ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர், தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் கலந்து வரும். மெயின் ரோட்டில் கோழிக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் நுழைகிற அகலத்தில் அவர் கடை. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தார். பொம்பளை என்ன ரிப்பேர் பார்ப்பாள் என்று வாசலோடு திரும்பிப் போனவர்கள் உண்டு. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. குணம் என்பதா, பிடிவாதம் என்பதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தனக்குத் தெரியாததை அவர் சொல்ல மாட்டார். எல்லாரும் அப்படித்தானே என்று நினைப்பீர்கள். இல்லை. நாம் நாள் முழுக்கத் தெரியாததைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மழை வராது, துணியைக் காயப்போடு என்கிறோம். உன் பையன் பாஸாகிவிடுவான் என்கிறோம். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று விழாது. 'இன்னும் தெரியல' என்பார். சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். கேட்டவர்தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டது போல நிற்க வேண்டியிருக்கும்.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வரன் வந்தது. பையன் வேலை பார்க்கிற ஆபீசுக்கு மேல் வீட்டம்மா ரிப்பேருக்குப் போவது உண்டு. பெண்ணின் அம்மா ஒரு தட்டு நிறைய பஜ்ஜியோடு மாடி ஏறிப் போய், பையன் எப்படி என்று விசாரித்தார். 'டீ வேணுமான்னு கேட்டார். சக்கரை போட்டுக் குடுத்தார். அவ்ளோதான் தெரியும்' என்று பதில் வந்ததாம். நல்ல பையன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று அந்த அம்மா காம்பவுண்டு முழுக்கப் புலம்பினார். பஜ்ஜி மட்டும் ஒன்றுகூட மிச்சம் வரவில்லை என்றார்.

மேல் வீட்டம்மாவின் புருஷன் வெளிநாட்டு வேலைக்குப் போனவர். கொஞ்ச நாள் போன் வந்தது, பிறகு நின்றுபோனது. ஆள் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. மேல் வீட்டம்மா பொட்டு வைத்துக்கொள்வார், பூ வைத்துக்கொள்ள மாட்டார். இது என்ன கணக்கு என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோமே தவிர, கேட்க தைரியம் கிடையாது. ஒருநாள் பூக்காரி கேட்டே விட்டாள். அவர் படியில் நின்றுகொண்டு சொன்னார்:

"இருக்காரா இல்லையான்னு தெரியல. தெரியாம பொட்டையும் அழிக்க மாட்டேன், பூவும் வெக்க மாட்டேன்."

பூக்காரி அன்றைக்கு எங்கள் வரிசையில் கூவாமலே போய்விட்டாள்.

எனக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்றும் இருக்காதும்மா என்று காம்பவுண்டில் எல்லாரும் சொன்னார்கள், யாரும் கூட வரவில்லை. முடிவு வாங்குகிற அன்று மேல் வீட்டம்மாதான் கடையைச் சாத்திவிட்டு வந்தார். பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தக் கை வேண்டாம், அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டு நானே கேட்டேன், ஒன்றும் இருக்காதில்லையா என்று. 'இன்னும் தெரியலம்மா' என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். கையை விடவில்லை அவர். கட்டி ஆபத்தில்லாத கட்டி என்று ஆனது. ஆனாலும் எனக்கு அவர்மேல் இருந்த தாங்கல் போகவில்லை. இவ்வளவு கல்லாகவா ஒரு மனுஷி இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தாங்கல் எப்படிப் போனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அடுகோடியில் ஒரு கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி பட்டறையில் நான் பிசிறு வெட்டுகிற வேலை பார்த்தேன். அங்கே பெரிய மெஷின் ஒன்று இருந்தது. ஊசிகள் தாமாக ஏறி இறங்கி ரவிக்கைத் துணியில் பூ போடும், மயில் போடும். எந்த ஊசி எங்கே குத்த வேண்டும் என்பதெல்லாம் டிசைனாகக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும். அந்த டிசைன்களைப் போடுகிறவள் ரேவதி. ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள், இருபது இருபத்திரண்டு வயது. மெஷினை ஓட்டுகிறவர் சலீம் பாய். முதலாளி நல்ல மனுஷர்தான். காய்ச்சல் என்றால் வீட்டிலிருந்து கஞ்சி வரும். ஆனால் சந்தேகம் என்று ஒன்று புகுந்துவிட்டால் அவருக்குக் கண் தெரியாது.

ஆயுதபூஜை வந்தது. முதலாளிக்கு அதில் ஒரு பழக்கம். வருஷம் முழுக்க உழைத்த மெஷின்களுக்கு அன்றைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பார். சுவிட்சை அணைப்பது வெறும் தூக்கம், ஓய்வு ஆகாது என்பார். ஒவ்வொரு பிளக்கையும் தன் கையாலேயே சுவரிலிருந்து பிடுங்குவார். வயரைச் சுருட்டி வைத்து அதன்மேல் ஒரு பூவும் வைப்பார். விஜயதசமியும் கழிந்து பட்டறை திறக்கிற அன்றுதான் மறுபடி சொருகுவார். அந்த வருஷமும் அப்படியே நடந்தது. மெஷினுக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம், வாழைக்கன்று கட்டினோம், வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியும் கடலையும் மடியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

லீவு முடிந்து திறந்தால் கம்ப்யூட்டர் எழவில்லை. உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்கிறது. திரை கறுப்பாக இருக்கிறது, மேலே வெள்ளையாக ஒரே ஒரு வரி. ரேவதி படித்துச் சொன்னாள். தொடங்குவதற்கு ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்கிறதாம். ஹார்ட் டிஸ்க் என்றால் டிசைன் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிற இடம். மெஷினில் ஒரு கல்யாண ரவிக்கை மாட்டியபடி இருந்தது. இடது கையில் மயில் முடிந்துவிட்டது. வலது கை வெறும் துணி.

முதலாளி போன் போட்டு ஒருவரை வரவழைத்தார். வந்தவர் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஒரு பட்டையை எடுத்துப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தார். இரண்டு தட்டுத் தட்டினார். அணைத்து அணைத்துப் போட்டார். டிஸ்க் போய்விட்டது, உள்ளே இருந்ததும் போனதுதான், புதிது வாங்கி வருகிறேன் என்றார். யாராவது ஏதாவது செய்திருந்தால் இப்படி ஆகுமா என்று முதலாளி கேட்டார். அந்த ஆள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஆகலாம் சார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

அந்த 'ஆகலாம்' பட்டறைக்குள் தங்கிவிட்டது.

பூஜைக்கு முந்தின நாள் கடைசியாகக் கம்ப்யூட்டரை அணைத்தவள் ரேவதி. வேறொரு பட்டறைக்காரர் அவளை வேலைக்குக் கூப்பிட்டதும் முதலாளிக்குத் தெரியும். அவள் போனைக் கம்ப்யூட்டரில் சொருகிச் சார்ஜ் போட்டதைச் சலீம் பாய் பார்த்திருந்தார், கேட்டதும் கள்ளமில்லாமல் அதைச் சொல்லிவிட்டார். போதாதா. டிசைன்களைப் போனில் எடுத்துக்கொண்டு இங்கே இருந்ததை அழித்துவிட்டாள் என்று முதலாளி முடிவு கட்டினார். பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். டிசைன் திருடினவள் என்று பேர் வந்தால் அந்தப் பெண்ணை எந்தப் பட்டறையும் வாசலில் ஏற்றாது. ரேவதிக்கு அது தெரியும். சுவரோடு ஒட்டி நின்று, இல்லை சார், இல்லை சார் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலாளி அவள் அப்பாவுக்குப் போன் போடப் போனார். அவருடைய சம்சாரம் குறுக்கே வந்து, இன்னொருத்தரிடமும் காட்டிவிட்டுப் பேசுங்கள் என்றார். மேல் வீட்டம்மாவைப் பற்றி நான் எப்போதோ அவரிடம் சொல்லியிருந்தேன் போல. அழைத்து வா என்று என்னை ஆட்டோவில் அனுப்பினார்.

மேல் வீட்டம்மா தோளில் பையோடு உள்ளே வந்ததும் முதலாளி ரேவதியைக் கையால் காட்டினார்.

"இவதான் மேடம் கடைசியா தொட்டவ. இவ என்ன பண்ணி வெச்சிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

"நான் பெட்டிய பாக்க வந்தேன் சார்."

கடைசியாக நன்றாக ஓடின நாளிலிருந்து இந்தப் பெட்டிக்கு என்னென்ன ஆனது என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். ரேவதி, போன் சார்ஜ் போட்டதையும் முறைப்படி அணைத்ததையும் சொன்னாள். சலீம் பாய், துணியால் தூசி துடைத்ததைச் சொன்னார். முதலாளி பூஜை செய்ததைச் சொன்னார், சந்தனம் குங்குமம் வைத்ததுவரை. பிளக்கைப் பிடுங்கினதை அவர் சொல்லவில்லை. மறைக்கவில்லை. ஓய்வு கொடுத்ததைப் பெட்டிக்கு ஏதோ செய்ததாக அவர் நினைக்கவே இல்லை.

அப்புறம் மேல் வீட்டம்மா வேலையை ஆரம்பித்தார். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவார். டிஸ்க்கிலிருந்து வருகிற கேபிளைக் கழற்றி மறுபடி அழுத்திச் சொருகிப் போட்டுப் பார்த்தார். அதே வெள்ளை வரி. தன் பையிலிருந்து வேறு கேபிள் எடுத்துப் போட்டார். அதே வரி. ஓடவிட்டபடியே டிஸ்க்கின்மேல் உள்ளங்கையை வைத்தார், சளி பிடித்த குழந்தையின் நெஞ்சில் வைப்பதுபோல. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சுத்துது என்றார்.

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். அப்படியானால் டிசைன் உள்ளே இருக்கிறதா என்று கேட்டதற்கு, மேல் வீட்டம்மா தெரியாது என்றார். அழித்திருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டார். அதுவும் இன்னும் தெரியாது என்றார். ரேவதி அவர் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன்னாவது சொல்லுங்கக்கா. அவர் எங்கப்பாவுக்குப் போன் பண்றேங்கறார்."

"தெரியாதத எப்படிச் சொல்றது?"

எனக்கு நெஞ்சு எரிந்தது. பஸ்ஸில் என்னிடம் சொன்ன அதே குரல். ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டு நிற்கிறாள், அவளிடமும் இப்படியா. ரேவதி மூலையில் இருந்த துணி மூட்டைமேல் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் முதலாளியின் குரல் மாறியது. அதட்டல் போய் இதமாக வந்தது. அவர் அவள் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"பாரும்மா, நீயும் என் பொண்ணு மாதிரிதான். பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. மன்னிச்சிடறேன். வேலையும் இருக்கும், ஊருக்கும் தெரியாது. இல்ல இல்லன்னு சாதிச்சா, நாளைக்கு நான் நாலு பேர்கிட்ட சொல்ல வேண்டி வரும்."

அவர் சம்சாரம் ரேவதியின் தலையைத் தடவிக் கொடுத்தார். அறியாத வயசு, யாரோ சொல்லிக் கொடுத்துச் செய்திருப்பாள், விட்டுவிடலாம் என்றார். சலீம் பாயும் மனசு கேட்காமல், ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டு வேலையைப் பாரும்மா என்றார். எல்லாரும் நல்லது நினைத்துத்தான் சொன்னார்கள். நான் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். ரேவதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளை நம்புகிற முகம் எது என்று தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'சரி சார்' என்று வாயைத் திறந்தாள்.

"ஏய், வாய மூடு."

பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த மேல் வீட்டம்மாதான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கே இன்னும் தெரியல. உனக்கு என்ன தெரிஞ்சுபோச்சு? எழுந்து வந்து இந்த டார்ச்ச புடி."

ரேவதி எழுந்து போய் டார்ச்சைப் பிடித்தாள். முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. பெட்டியைப் பார்க்க வந்தவர் பெட்டியைப் பாருங்கள், இது எங்கள் பட்டறை விவகாரம் என்றார். 'சொல்ப இருங்க சார்', கொஞ்சம் பொறுங்கள் என்று கன்னடம் கலந்து மட்டும் சொன்னார் அவர்.

அடுத்து ஏதோ ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே பெட்டியைப் போட்டார். நீல நிறத்தில் வேறொரு திரை வந்தது. அதன் மேல் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தேதி இருக்கிறதாம். என்ன தேதி போட்டிருக்கிறது என்று ரேவதியையே படிக்கச் சொன்னார். அது என்றோ போன ஒரு வருஷம். இந்தப் பட்டறையே அப்போது கிடையாது.

மேல் வீட்டம்மா முதல்முறையாக நிமிர்ந்தார்.

"பிளக்க செவுத்துலேந்து யார் புடுங்கினது?"

நான்தான் என்றார் முதலாளி. வருஷா வருஷம் பிடுங்குவதுதான், ஓய்வுக்கு என்று பெருமையாகவே சொன்னார். மற்ற நாட்களில் பிடுங்குவீர்களா என்று மேல் வீட்டம்மா கேட்டார். இல்லை, ராத்திரிகூட யுபிஎஸ் ஓடிக்கொண்டே இருக்கும் என்றார். மேல் வீட்டம்மா தலையை ஆட்டிவிட்டு, பெட்டிக்குள்ளிருந்து நகத்தால் நெம்பி ஒன்றை எடுத்தார். ஒரு நாணயம் அளவுக்கு ஒரு பாட்டரி. இதே மாதிரி ஒன்று வாட்ச் கடையில் கிடைக்கும் என்று சலீம் பாயை அனுப்பினார்.

சலீம் பாய் வருகிறவரைக்கும், இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று முதலாளி பார்த்தார், ரேவதி பார்த்தாள், நானும் பார்த்தேன். மேல் வீட்டம்மா பெட்டியின் ஓரத்தில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

புது பாட்டரி வந்தது. போட்டார். திரையில் அதே வெள்ளை வரி. ரேவதி சின்னதாக ஒரு சத்தம் போட்டாள். அவர் அசரவில்லை, மறுபடி அந்த நீலத் திரைக்குப் போனார். தேதியைத் திருத்தினார். எதிலிருந்து எழ வேண்டும் என்கிற இடத்தில் ஹார்ட் டிஸ்க்கைக் காட்டிக் கொடுத்தார். டிஸ்க்கை எந்த முறையில் படிக்க வேண்டும் என்று இருந்த இன்னொன்றையும் மாற்றினார். போட்டார். திரை கறுத்தது. கறுத்தபடியே இருந்தது. அப்புறம் முதலாளி வீட்டுப் பிள்ளையார் படம் வந்தது, அவர் திரையில் வைத்திருக்கிற படம்.

முதலாளி டிசைன் இருக்கிற இடத்தைத் தன் கையாலேயே திறந்து பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். மயில் இருந்தது. எல்லாம் இருந்தது. ஒன்றும் குறையவில்லை. அதுவரைக்கும் மேல் வீட்டம்மா வாயைத் திறக்கவில்லை. முதலாளி பார்த்து முடித்த பிறகுதான் சொன்னார்:

"அந்தப் பாட்டரி செத்து ரொம்ப நாள் ஆகியிருக்கும். செவுத்துலேந்து கரண்ட் வந்துட்டு இருந்ததால தெரியல. நீங்க பிளக்க புடுங்கினதும், எதுலேந்து எழணும்னு பெட்டி மறந்துபோச்சு. போன் சார்ஜ் போட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இந்தப் பொண்ணு எதையும் அழிக்கல, ஒண்ணும் பண்ணல. இது எனக்குத் தெரியும்."

முதலாளி ரேவதி பக்கம் திரும்பினார். பிறகு சிரித்த முகமாக, சரி விடும்மா, நான்தான் அப்போதே மன்னித்துவிட்டேன் என்றேனே என்றார்.

"எதுக்கு சார்?" என்றாள் ரேவதி.

அவ்வளவுதான் கேட்டாள். அவர் சம்சாரம் காபி போட உள்ளே போய்விட்டார். சலீம் பாய் மெஷினுக்கு எண்ணெய் விடக் குனிந்தார், விடத் தேவையே இல்லை.

ரேவதி அந்த மாசத்தோடு அங்கிருந்து நின்றுவிட்டாள். பேர் கெடாததால் அவளாகவே நல்ல இடம் பார்த்துப் போனாள். போகும் முன் ஒரு சாயங்காலம் எங்கள் காம்பவுண்டுக்கு வந்தாள். மேல் வீட்டம்மா மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் கீழ்ப்படியில் இருந்தேன். ரேவதி நன்றி சொன்னாள். அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"நீ பண்ணியிருந்தா அதையும் அப்படியே சொல்லியிருப்பேன்."

"தெரியும்க்கா. அதுக்குத்தான் வந்தேன்."

அவர் கொஞ்சம் நகர்ந்து படியில் அவளுக்கு இடம் விட்டார். அவள் உட்கார்ந்து பாதிக் கீரைக்கட்டை வாங்கி ஆய ஆரம்பித்தாள். எனக்கும் மேலே ஏறிப் போய் அவர் கையை ஒருமுறை தொட வேண்டும்போல இருந்தது. கூச்சத்தில் போகவில்லை.

யாராவது விஷயம் தெரிந்தவர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பாகங்களின் பேரை நான் தப்பாக எழுதியிருக்கலாம். பாட்டரி செத்தால் பெட்டி அப்படி மறக்குமா, டிஸ்க் சுற்றுவது கையில் தெரியுமா, அந்தத் திரை நீலம்தானா, எதையும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. தப்பு இருந்தால் தாராளமாகத் திருத்திவிடுங்கள். ரேவதி ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிற இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். நான் அங்கே இருந்தேன்.